மணலில் எழுந்த கலைக்கிராமம்

நுழையும்முன்

தமிழ்நாட்டில் கலை நெடுங்காலம் திறந்தவெளியில் வாழ்ந்தது. கோபுரத்துச் சுதைச்சிற்பம் வீதியில் நடப்போர் அனைவர்க்கும் உரியது. ஊர் எல்லையில் அய்யனாருக்கு நேர்ந்துவிட்ட மண்குதிரைகள் மழையிலும் வெயிலிலும் நின்றன. விடியலில் வாசலில் இட்ட கோலம் முற்பகலுக்குள் கால்பட்டு அழிந்தது; மறுநாள் மீண்டும் பிறந்தது. ஓவியமும் சிற்பமும் கல்லூரியில் கற்கும் துறைகளாகிக் காட்சிக்கூடங்களுக்குள் புகுந்தபின் இந்த உறவு தளர்ந்தது. கலைஞர் எங்கே வாழ்வது, எதைக்கொண்டு வாழ்வது, அவர் படைத்ததை யார் பார்ப்பது என்னும் கேள்விகள் புதிதாக எழுந்தன. சென்னையில் இக்கேள்விகளுக்குத் தம் வாழ்நாளைச் செலவிட்டு விடைதேடிய ஓவியர் ஒருவரின் வரலாறு இப்பாடமாக அமைகிறது.

தந்தி அலுவலகமும் தூரிகையும்

கே.சி.எஸ். பணிக்கர் 1911ஆம் ஆண்டு கோயம்புத்தூரில் பிறந்தார். அவருடைய குடும்பம் அன்றைய சென்னை மாகாணத்தின் பகுதியாகிய மலபாரைச் சேர்ந்தது. பொன்னானியை அடுத்த கடலோரச் சிற்றூரில் அவர் இளமை கழிந்தது. தென்னந்தோப்புகளும் உப்பங்கழிகளும் வயல்வரப்புகளும் சூழ்ந்த அந்நிலம் அவருடைய கண்ணுக்கு முதல் ஆசானாயிற்று. பன்னிரண்டு வயதளவிலேயே தம்மைச் சுற்றியிருந்த நிலக்காட்சிகளை நீர்வண்ணத்தில் தீட்டத் தொடங்கினார். பதினேழு வயதில் அவருடைய ஓவியங்கள் சென்னையில் நடைபெற்ற ஆண்டுக் கண்காட்சிகளில் இடம்பெற்றன.

ஓவியத்தில் தேர்ச்சி இருந்தாலும் வீட்டில் அடுப்பெரிய வேண்டும். குடும்பப் பொறுப்பு இளம்வயதிலேயே அவர் தோளில் ஏறியது. தந்தித் துறையில் பணியாற்றினார். பின்னர்க் காப்பீட்டு நிறுவனம் ஒன்றில் வேலை பார்த்தார். மாதச் சம்பளம் தரும் வேலையைக் கைவிடுவது அக்காலத்தில் எளிய முடிவன்று. உலகப் பொருளாதார மந்தத்தின் பாதிப்பு நீங்காத காலம் அது. எழுத்தர் வேலைக்கே பட்டதாரிகள் காத்துக்கிடந்தனர். அந்நிலையில் 1936ஆம் ஆண்டு, இருபத்தைந்தாம் வயதில், பணிக்கர் வேலையை விடுத்துச் சென்னை அரசு கலைத்தொழில் பள்ளியில் மாணவராகச் சேர்ந்தார். தம்மைவிட இளையவர்களோடு ஒரே அறையில் அமர்ந்து பயின்றார். வருவாய்க்கும் கலைக்கும் இடையே ஒன்றைத் தேர்ந்தெடுக்க நேர்ந்த இந்த அனுபவம் அவர் உள்ளத்தில் ஆழமாகப் பதிந்திருக்க வேண்டும். பிற்காலத்தில் அவர் செய்த பெரும்பணி இதே சிக்கலைத் தீர்ப்பதற்காகவே அமைந்தது.

பூந்தமல்லி நெடுஞ்சாலையில் ஒரு பள்ளி

சென்னையின் நடுவிலிருந்து மேற்கே பூந்தமல்லி நோக்கிச் செல்லும் நெடுஞ்சாலையில், பெரியமேட்டுப் பகுதியில் செங்கல் கட்டடங்களோடு அப்பள்ளி அமைந்திருந்தது. அலெக்சாண்டர் ஹண்டர் என்னும் அறுவை மருத்துவர் 1850ஆம் ஆண்டு தம் சொந்த முயற்சியால் தொடங்கிய நிறுவனம் அது. சில ஆண்டுகளில் அரசு அதை ஏற்றுக்கொண்டது. இந்தியாவில் எழுந்த ஓவியப் பள்ளிகளுள் பழமையானவற்றுள் ஒன்றாக அது கருதப்படுகிறது.

பெயரில் கலை இருந்தாலும் ஆங்கில ஆட்சியினர் அதனிடம் எதிர்பார்த்தது பெரும்பாலும் கைத்தொழிலே. மரவேலை, உலோக வேலை, மட்பாண்டம், நெசவு ஆகியவற்றில் தேர்ந்த பணியாளர்களை உருவாக்குவதே நோக்கமாக இருந்தது. இன்று நம் வீடுகளில் புழங்கும் அலுமினியப் பாத்திரத்துக்கும் இப்பள்ளிக்கும் தொடர்புண்டு. ஆல்பிரட் சாட்டர்டன் என்பார் பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் இங்குள்ள பட்டறையில்தான் அலுமினியப் பாத்திரம் செய்யும் முயற்சியைத் தொடங்கினார். கம்மாளரின் உளியும் ஓவியரின் தூரிகையும் ஒரே வளாகத்தில் புழங்கின. கைத்தொழிலை ஓவியத்துக்குக் கீழானதாக எண்ணாத மனநிலை பணிக்கரிடம் வளர்ந்ததற்கு இச்சூழலும் ஒரு காரணமாகும்.

பணிக்கர் மாணவராகச் சேர்ந்தபோது வங்காளத்தைச் சேர்ந்த தேவிபிரசாத் ராய் சௌத்ரி அப்பள்ளியின் தலைவராக இருந்தார். அப்பொறுப்பை ஏற்ற முதல் இந்தியர் அவர். அவனீந்திரநாத் தாகூரிடம் ஓவியம் பயின்றவர். மல்லரைப் போன்ற உடலும் கண்டிப்பும் கொண்டவர். சென்னை மெரினா கடற்கரையில் நிற்கும் உழைப்பாளர் சிலையை வடித்தவர் இவரே. நான்கு தொழிலாளர்கள் பெரும்பாறையொன்றை நெம்பிப் புரட்டும் அச்சிற்பம் 1959ஆம் ஆண்டு குடியரசு நாளுக்கு முந்தைய நாள் நிறுவப்பட்டது. 1923ஆம் ஆண்டு சிங்காரவேலர் இந்தியாவின் முதல் மே நாளைக் கொண்டாடிய திருவல்லிக்கேணிக் கடற்கரையில் அச்சிலை நிற்பது மிகப் பொருத்தமானது. மன்னர்களும் ஆளுநர்களும் குதிரைமேல் வீற்றிருந்த நகரில், பெயரில்லாத நான்கு உழைப்பாளர்களுக்குப் பொதுவெளியில் இடம் கிடைத்தது. அச்சிலையைக் காண நுழைவுச்சீட்டு வேண்டா. சுண்டல் விற்கும் சிறுவனும் அதன் நிழலில் நிற்கலாம்.

ஆசிரியரின் திறமையை மதித்த பணிக்கர், அவருடைய பாணியைப் பின்பற்றவில்லை. படிப்பை முடித்தபின் 1941ஆம் ஆண்டு அதே பள்ளியில் ஆசிரியரானார். 1944ஆம் ஆண்டு முற்போக்கு ஓவியர் சங்கத்தைத் தோற்றுவித்தார். அக்காலத்தில் ஓவியம் வாங்குவோரும் ஓவியத்தைப் பற்றி எழுதுவோரும் பம்பாயையும் கல்கத்தாவையுமே நோக்கியிருந்தனர். தென்னக ஓவியர்கள் ஒன்றுகூடித் தம் படைப்புகளைப் பிற நகரங்களுக்குக் கொண்டுசெல்ல இச்சங்கம் வழிசெய்தது. தனியொருவர் தட்டினால் திறவாத கதவு பலர் சேர்ந்து தட்டினால் திறக்கும் என்பதைப் பணிக்கர் இங்கே கற்றுக்கொண்டார். 1961ஆம் ஆண்டு கலைப்போக்குகளைப் பற்றிய ஆங்கில இதழொன்றும் அவருடைய முயற்சியால் வெளிவரத் தொடங்கியது.

கணக்கு ஏட்டிலிருந்து ஓர் ஓவியம்

பணிக்கரின் தொடக்ககால ஓவியங்கள் மலபாரின் நீரும் பசுமையும் நிறைந்தவை. பின்னர் உழைக்கும் மக்களும் அன்னையரும் புத்தர் பிறந்த லும்பினி வனமும் அவருடைய பாடுபொருளாயின. 1954ஆம் ஆண்டு அவர் ஐரோப்பியப் பயணம் மேற்கொண்டு இங்கிலாந்திலும் பிரான்சிலும் தம் ஓவியங்களைக் காட்சிக்கு வைத்தார். அங்கே உருவங்களைத் துறந்து வண்ணத்தையும் வடிவத்தையும் மட்டுமே நம்பிய புதிய ஓவியங்களை நேரில் கண்டார். அவை அவரை ஈர்த்தன. கூடவே ஒரு கவலையையும் எழுப்பின. பாரிசு நகரத்து ஓவியரைப்போல வரைவதற்குச் சென்னையில் ஓர் ஓவியர் எதற்கு? இந்தியராகவும் இக்காலத்தவராகவும் ஒருங்கே இருப்பது எவ்வாறு? விடுதலைக்குப் பிந்தைய இந்தியக் கலைஞர் பலரையும் வாட்டிய வினா இது. பணிக்கர் இதனோடு பத்தாண்டுகள் போராடினார்.

விடை எதிர்பாராத இடத்திலிருந்து வந்தது. மாணவர் ஒருவரின் கணக்கு ஏட்டுப் பக்கம் அவர் கண்ணில் பட்டது. எண்களும் இயற்கணிதக் குறிகளும் வடிவியல் கோடுகளும் நிறைந்த அந்தப் பக்கத்தைக் கணக்காகப் படிக்காமல் ஓவியமாகப் பார்த்தார். நம் நாட்டு மரபிலும் இத்தகைய பக்கங்கள் எத்தனை இருக்கின்றன என்பது அவர் நினைவுக்கு வந்தது. சாதகக் கட்டங்கள், மந்திரச் சக்கரங்கள், ஓலைச்சுவடியில் இடைவெளியின்றி ஓடும் எழுத்துவரிசை ஆகிய எல்லாம் கோட்டின் அழகால் நிற்பவை. 1963ஆம் ஆண்டளவில் தொடங்கி, சொற்களும் குறியீடுகளும் என்னும் வரிசையில் அவர் ஓவியங்களை வரைந்தார். அவற்றில் மலையாள எழுத்துகளை ஒத்த வரிகள் திரை முழுவதும் படர்ந்திருக்கும். அவற்றைப் படிக்க முயல்வோர் ஏமாறுவர். எழுத்தின் பொருளை நீக்கி, அதன் நெளிவையும் சுழிவையும் மட்டும் அவர் எடுத்துக்கொண்டார். பறவையும் மீனும் மனித உருவும் கட்டங்களுக்கிடையே சிறு குறிகளாகத் தோன்றும். தேர்வுக்குத் தயாராகும் மாணவர் கணக்கு ஏட்டின் ஓரத்தில் கிறுக்கும் கோடுகளை நினைத்துக்கொண்டால், இவ்வோவியங்கள் அந்நியமாகத் தோன்றா.

கோட்டுக்கு முதன்மை தரும் இப்போக்கு பணிக்கரோடு நின்றுவிடவில்லை. சிற்பி தனபால் உள்ளிட்ட ஆசிரியர்களும் அவர்களிடம் பயின்ற இளைஞர்களும் கோலத்திலும் கோயில் சிற்பத்திலும் நாட்டுப்புறக் கலையிலும் தமக்கான கோட்டைத் தேடினர். பள்ளியிலிருந்து நடந்தே செல்லும் தொலைவில் எழும்பூர் அருங்காட்சியகம் இருந்தது. சோழர்காலச் செப்புத் திருமேனிகள் அங்கே அவர்களுக்குப் பாடமாயின. இப்பின்னணியில் உருவான கலைப்போக்கைச் சென்னை இயக்கம் என்று கலை வரலாற்றாளர் குறிப்பிடுகின்றனர். இங்குப் பயின்ற ஆதிமூலம் காந்தி நூற்றாண்டையொட்டிக் காந்தியடிகளைக் கறுப்பு வெள்ளைக் கோட்டோவியங்களாகத் தீட்டினார். கி. ராஜநாராயணனின் கரிசல்காட்டுக் கடுதாசிக்கு அவர் வரைந்த படங்கள் தமிழ் வாசகர்க்கு நன்கு அறிமுகமானவை. இன்னொரு மாணவரான கானாயி குஞ்ஞிராமன் 1969ஆம் ஆண்டு மலம்புழை அணைப் பூங்காவில் ஏறத்தாழ முப்பதடி உயர யட்சி சிற்பத்தை எழுப்பினார். பூந்தமல்லி நெடுஞ்சாலைப் பள்ளியிலிருந்து புறப்பட்ட கலை, இதழ்களின் வழியாக வீடுகளுக்குள்ளும் பூங்காக்களின் வழியாகப் பொதுவெளிக்கும் சென்றது.

படித்து முடித்தபின்?

ராய் சௌத்ரிக்குப்பின் 1957ஆம் ஆண்டு பணிக்கர் பள்ளியின் முதல்வரானார். அவர் பொறுப்பிலிருந்த காலத்தில் பள்ளி, கல்லூரி என்னும் தகுதியைப் பெற்றது. ஓவியராகப் புகழ்பெற்றுவிட்ட அவர் தம் அறைக்குள் ஓவியம் தீட்டிக்கொண்டு காலத்தைக் கழித்திருக்கலாம். ஆனால் ஆண்டுதோறும் கண்முன் நிகழ்ந்த ஒன்று அவரை உறுத்தியது. திறமை மிக்க இளைஞர்கள் ஐந்தாறு ஆண்டுகள் பயின்று வெளியேறினர். பெருநகரத்தில் அன்று ஓவியக்கூடங்கள் மிகக் குறைவு. ஓவியம் வாங்குவோர் அதனினும் குறைவு. பள்ளியில் வரைகலை ஆசிரியர் பணி, விளம்பர நிறுவனத்தில் வேலை, துணி ஆலையில் வடிவமைப்பு, திரைப்படப் பதாகை வரைதல் என்று பலரும் பிரிந்து சென்றனர். இவை யாவும் நேர்மையான தொழில்களே. ஆயினும் பகல் முழுவதும் பிறர் சொன்னதை வரைந்த கை, இரவில் தனக்கென ஒன்றை வரையும் வலிமையை இழந்தது. சில ஆண்டுகளில் அவர்களுள் இருந்த ஓவியர் மறைந்துபோனார். இருபத்தைந்து வயதுவரை தாமே அந்நிலையில் இருந்த பணிக்கருக்கு இவ்விழப்பின் ஆழம் தெரியும்.

அரசிடம் உதவித்தொகை கேட்பது ஒரு வழி. செல்வர்களின் ஆதரவை நாடுவது மற்றொரு வழி. பணிக்கர் இரண்டையும் நம்பவில்லை. கொடுப்பவர் மனம் மாறினால் கலை நின்றுவிடும் என்று கருதினார். அவர் முன்வைத்த திட்டம் எளிமையானது. ஓவியரும் சிற்பியும் நாளின் ஒரு சிறு பகுதியில் கைவினைப்பொருள் செய்ய வேண்டும். அதனை விற்றுவரும் பணம் உணவுக்கும் வாடகைக்கும் ஆகும். எஞ்சிய நேரம் முழுவதும் அவரவர் கலைக்கே உரியது. ஓவியத்தை விற்றுப் பிழைக்க வேண்டிய கட்டாயம் நீங்கினால், வாங்குவோரின் விருப்பத்துக்காக ஓவியத்தை வளைக்க வேண்டிய கட்டாயமும் நீங்கும். இந்நோக்கத்தோடு 1963ஆம் ஆண்டு கலைஞர் கைவினைச் சங்கம் உருவானது.

அச்சங்கத்தின் கைவினைப்பொருள்களுள் பாத்திக் துணி முதலிடம் பெற்றது. சாவகத் தீவில் சிறந்து விளங்கும் இக்கலையில் உருக்கிய மெழுகே தூரிகை. வண்ணம் ஏறக்கூடாத இடங்களில் சூடான மெழுகைத் தடவித் துணியைச் சாயத்தில் முக்குவர். மெழுகு படிந்த இடம் வெண்மையாக நிற்கும். மற்ற இடம் சாயமேற்கும். மீண்டும் மெழுகு, மீண்டும் சாயம் என்று வெளிர்நிறத்திலிருந்து அடர்நிறம் நோக்கிச் செல்வர். இறுதியில் கொதிநீரில் இட்டு மெழுகை உருக்கி நீக்குவர். மெழுகு வெடித்த இடங்களில் சாயம் கசிந்து நரம்புபோல் நுண்கோடுகள் ஓடியிருக்கும். அக்கசிவே பாத்திக்கின் தனியழகு. கோட்டின்மீது காதல்கொண்ட சென்னை ஓவியர்க்கு இக்கலை எளிதில் வசப்பட்டது. உலோகத் தகட்டு வேலை, தோல்வேலை, மட்கலம் ஆகியவற்றையும் அவர்கள் செய்தனர். 1960களின் நடுவில் நடத்திய கண்காட்சிகளில் பாத்திக் துணிகள் விரைவாக விற்றன. அப்பணத்தைப் பங்கிட்டுக்கொண்டு அவரவர் வழியே சென்றிருந்தால் இவ்வரலாறு அத்துடன் முடிந்திருக்கும். அவர்கள் நிலம் வாங்கினர்.

கடலோரத்து மணல்வெளி

சென்னைக்குத் தெற்கே, நகரிலிருந்து ஏறத்தாழ 18 கிலோமீட்டர் தொலைவில், ஈஞ்சம்பாக்கத்தில் அந்நிலம் இருந்தது. பத்து ஏக்கரளவு மணல்வெளி. அருகே கடல், சுற்றிலும் சவுக்குத்தோப்பு. இன்றைய கிழக்குக் கடற்கரைச் சாலை அன்று இல்லை. மின்விளக்கும் குழாய்நீரும் இல்லை. பயிருக்கும் உதவாத, குடியிருப்புக்கும் ஏற்காத நிலமாகையால் கலைஞர்களால் அதை வாங்க முடிந்தது. 1966ஆம் ஆண்டு அங்கே கலைக்கிராமம் தொடங்கப்பெற்றது. முப்பதுக்கும் மேற்பட்ட கலைஞர்கள் அதில் பங்குகொண்டனர். சோழநாட்டுக் கரையைக் குறிக்கும் பழம்பெயரையே அதற்குச் சூட்டினர். சோழமண்டலம் என்னும் அச்சொல்லே ஐரோப்பியர் நாவில் கோரமண்டல் எனத் திரிந்தது.

அதே ஆண்டுகளில் சென்னையின் மேற்குப் புறநகர் வேறொரு வகையில் உருமாறிக்கொண்டிருந்தது. 1964ஆம் ஆண்டு அம்பத்தூரில் தொழிற்பேட்டை எழுந்தது. ஆவடியின் கனரக ஊர்தித் தொழிற்சாலையிலிருந்து 1965ஆம் ஆண்டு விஜயந்தா பீரங்கி வண்டி வெளிவந்தது. ஆவடி, முத்தாபுதுப்பேட்டை, பூந்தமல்லி ஆகிய பகுதிகளின் ஏரிகளும் வயல்களும் சூழ்ந்த ஊர்களில் தொழிலாளர் குடியிருப்புகள் பெருகின. அங்கே அரசு நிலத்தை வகுத்து, சாலையும் மின்சாரமும் கொடுத்துத் தொழிலை வரவேற்றது. ஈஞ்சம்பாக்கத்தில் கலைஞர்கள் அரசை எதிர்பாராமல் தமக்கென ஒரு தொழிற்பேட்டையைத் தாமே அமைத்துக்கொண்டனர் எனலாம். அங்கே உற்பத்தியானவை பெரும்பாலும் ஓவியங்கள் என்பது ஒன்றே வேறுபாடு.

தொடக்க ஆண்டுகள் கடினமானவை. கூரைவேய்ந்த குடில்களில் சிலர் தங்கினர். பொதுப்பட்டறையில் துணிக்குச் சாயமேற்றினர். கடற்காற்றில் உப்புப்படிந்த ஓவியத்திரைகளைப் பாதுகாக்கப் போராடினர். பிள்ளைகளைத் தொலைவிலுள்ள பள்ளிக்கு அனுப்ப வேண்டியிருந்தது. படிப்படியாகச் செங்கல் வீடுகள் எழுந்தன. பணிமனை, கண்காட்சிக்கூடம், கவிதை வாசிப்புக்கும் நாடகத்துக்குமான திறந்தவெளி அரங்கு ஆகியவை உருவாயின. கைவினை விற்பனையில் ஒரு பகுதி பொதுநிதிக்குச் சென்றது. வீடு அவரவருக்கு உரியது. பணிமனையும் அரங்கும் காட்சிக்கூடமும் எல்லார்க்கும் பொது. சுல்தான் அலி, ரெட்டெப்ப நாயுடு, அரிதாசன், வாசுதேவ், சேனாதிபதி, கோபிநாத், அனிலா ஜேக்கப், நந்தன் எனப் பல ஓவியர்களும் சிற்பிகளும் இக்கிராமத்தோடு இணைந்தவர்கள். தமிழரும் மலையாளியரும் தெலுங்கரும் கன்னடியரும் அங்கே அடுத்தடுத்த வீட்டுக்காரராயினர்.

பணிக்கர் 1967ஆம் ஆண்டு கல்லூரிப் பணியிலிருந்து ஓய்வுபெற்றார். முதல்வராக இருந்தவர் தம் மாணவர்களோடு சேர்ந்து ஒரு குடியிருப்பாளராக வாழத் தலைப்பட்டதை இங்குக் குறிப்பிட வேண்டும். எல்லாரும் நிலைத்து நின்றனர் என்று சொல்வதற்கில்லை. விசுவநாதன், அக்கித்தம் நாராயணன் ஆகியோர் பாரிசு சென்று அங்கேயே தம் கலைவாழ்வை அமைத்துக்கொண்டனர். கைவினைக்கு ஒதுக்கும் நேரமே கலையைத் தின்றுவிடும் என்று ஐயுற்றவரும் உண்டு. அந்த ஐயத்தை முற்றிலும் தவறென்று தள்ளிவிட முடியாது. விற்கும் பொருளைத் திரும்பத்திரும்பச் செய்கையில் கை பழகும், கண் சோம்பும். பணிக்கரின் திட்டம் நிலைத்ததற்குக் காரணம், அது ஒருவரையும் ஒரே பாணிக்குள் அடைக்காததே. குறியீட்டை நாடியவரும் உருவத்தை விடாதவரும் உலோகத்தை வளைத்தவரும் அங்கே தத்தம் வழியில் சென்றனர். ஆசிரியரைப் பின்பற்றாத மாணவராக இருந்தவர், தம்மைப் பின்பற்றாத மாணவர்களையும் ஏற்றுக்கொண்டார்.

பொதுவில் வைத்த செல்வம்

ஓவியர் ஒருவர் மறைந்தபின் அவருடைய படைப்புகளுக்கு என்ன நேர்கிறது? குடும்பத்தார் பங்கிட்டுக்கொள்வர், வணிகர் வாங்குவர், பல வீடுகளின் சுவர்களில் அவை பிரிந்து மறையும். நாற்பதாண்டு உழைப்பின் வளர்ச்சியை ஒரே இடத்தில் காண்பதற்கு வழியில்லாமல் போகும். பணிக்கர் இதையும் எண்ணிப்பார்த்தார். தம் ஓவியங்களுள் அறுபதுக்கும் மேற்பட்டவற்றைக் கேரள மக்களுக்கு வழங்கினார். இளமையில் தீட்டிய நிலக்காட்சிகள் முதல் இறுதிக்காலக் குறியீட்டு ஓவியங்கள் வரை அத்தொகுப்பில் அடங்கும். திருவனந்தபுரம் அருங்காட்சியக வளாகத்தில் அவற்றுக்கெனத் தனிக்கூடம் 1979ஆம் ஆண்டு திறக்கப்பட்டது. அதனைக் காண அவர் இல்லை. 1976ஆம் ஆண்டு லலித் கலா அகாதமியின் சிறப்புநிலை உறுப்பினர் என்னும் பெருமையைப் பெற்ற அவர், 1977ஆம் ஆண்டு சனவரியில் சென்னையில் மறைந்தார்.

நிறுவியவர் மறைந்தால் நிறுவனமும் தளர்வது பெரும்பாலும் உலக வழக்கு. சோழமண்டலம் அவ்வழக்கினின்று தப்பியது. இதற்குள் ஓவியத்துக்கு மதிப்பும் சந்தையும் கூடின. கைவினையை நம்பியிருக்க வேண்டிய தேவை மெல்லக் குறைந்தது. சவுக்குத்தோப்புகளின் வழியே அகன்ற சாலை வந்தது. ஒருகாலத்தில் ஒருவரும் விரும்பாத மணல்வெளி விலைமதிக்க முடியாத மனையாயிற்று. 2011ஆம் ஆண்டு ஈஞ்சம்பாக்கமும் அம்பத்தூரும் சென்னை மாநகராட்சியோடு இணைந்தன. புறநகர் என்னும் பெயர் நீங்கி, இரண்டும் நகரத்தின் உள்ளுறுப்புகளாயின. சுற்றிலும் மாடிவீடுகளும் உணவகங்களும் எழுந்தபின்னும் கலைக்கிராமத்தின் நிலம் கலைஞர்களின் கையிலேயே உள்ளது. அதை விற்றுப் பிரிந்தால் ஒவ்வொருவருக்கும் கிடைக்கக்கூடிய தொகையை எண்ணிப்பார்த்தால் இதன் அருமை விளங்கும்.

பணிக்கரின் மகன் நந்தகோபால் உலோகச் சிற்பத்தில் புகழ்பெற்றவர். செம்பும் பித்தளையும் கொண்டு, கோயில் வாகனங்களையும் திருவாசிகளையும் நினைவூட்டும் வடிவங்களைப் படைத்தார். 2017ஆம் ஆண்டு மறையும்வரை கிராமத்தின் வளர்ச்சியில் அவர் பெரும்பங்காற்றினார். 2009ஆம் ஆண்டு அங்கே தற்காலக் கலை மையம் திறக்கப்பட்டது. அதன் அருங்காட்சியகத்தில் பணிக்கரின் ஓவியங்களோடு, சென்னை இயக்கத்தைச் சேர்ந்த ஓவியர், சிற்பியரின் படைப்புகள் நிலையாகக் காட்சிக்கு வைக்கப்பட்டுள்ளன. அவை கலைஞர்கள் தம் குடியிருப்புக்கென விட்டுக்கொடுத்தவை. அரசு ஏலத்தில் எடுத்தவையோ செல்வர் ஒருவரின் தனிச்சேமிப்போ அல்ல. விற்றிருந்தால் பெரும்பொருள் ஈட்டித்தந்திருக்கக்கூடிய படைப்புகள் பல அவற்றுள் உண்டு.

அருங்காட்சியகத்துக்கு வெளியே, மரநிழலில் கருங்கல் சிற்பங்களும் உலோகச் சிற்பங்களும் நிற்கின்றன. அவற்றுக்குக் கண்ணாடிப் பெட்டியோ கூரையோ இல்லை. ஊர் எல்லையில் அய்யனாரின் மண்குதிரைகள் நின்றதைப் போலவே, அவையும் கடற்காற்றிலும் ஐப்பசி மழையிலும் நின்று நிறம் மாறிவருகின்றன. சிலவற்றின் அடியில் அவற்றைச் செதுக்கிய கைக்குரியவரின் வீடு ஐம்பதடித் தொலைவில் இருக்கலாம். வாசலில் அவர் வீட்டார் இட்ட கோலத்தைத் தாண்டித்தான் சிற்பத்தை அடைய வேண்டியிருக்கும்.